ரோதைமுனிக்கு நேர்ந்த சேவல்

கீழ்ப்பிரிவு லயம்,
எல்கடுவ.
19.08.2007, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை சந்திரகாந்தா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதனால்தான் வழக்கமாக முதல் வரியில் வரும் ‘நாங்கள் அனைவரும் நலம்’ என்பதை இம்முறை விட்டுவிட்டேன். அப்பா நலம். நான் நலம். சேவல் பிழைத்துக்கொண்டது. அம்மாவைப் பற்றிப் பின்னால் வருகிறது.

உங்களைத் தடுத்து வைத்திருக்கும் முகாமில், உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இது ஒரு கோழியைப் பற்றிய கடிதம். நீளமாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். பரீட்சையிலும் நான் இப்படித்தான். வகுப்பில் மேலதிகத் தாள் கேட்டு வாங்கும் ஒரே பிள்ளை நான்தான் என்று எங்கள் மஸீனா டீச்சர் சொல்வார்.

சின்னச் செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன். தவணைப் பரீட்சையில் தமிழில் முதலாவதாக வந்தேன். கணிதத்தில் பதினோராவது. மஸீனா டீச்சர் நூலக அலுமாரியின் திறப்பை என்னிடம் தந்திருக்கிறார். மேல் லயத்துப் பையன்கள் உங்கள் கிரிக்கெட் மட்டையைக் கேட்டு வந்தார்கள். ‘வந்து கேட்பான், அப்ப யாரு பதில் சொல்றது’ என்று அம்மா கொடுக்கவில்லை. இரண்டு கிழமையாக மழையும் வெயிலும் மாறி மாறி அடிப்பதால் தேயிலைக் கொழுந்து நன்றாக எழும்பியிருக்கிறது.

இனிச் சேவல்.

ஆனி மாதத்தில் அப்பா உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, அம்மா வாசலிலேயே நின்று கேட்டார். அப்பா, ‘நல்லாத்தான் இருக்கான். சாப்புடுறான்’ என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் என்ன பேச முடியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் பின்னாலேயே தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு விடயத்தை வாங்கினேன். நீங்கள் தேத்தண்ணீர்க் கோப்பையை இடது கையால் பிடித்தீர்களாம். ‘ஆத்தாகிட்டச் சொல்லாத’ என்றார் அப்பா. நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா பலாபத்வலைக்கு பஸ் ஏறினார். நானும் போனேன். அங்கே கைறுன்னிஸா ராத்தாவின் வீட்டில் கோழிகள் நிறைய உண்டு. அம்மா ஒவ்வொரு சேவல் குஞ்சாகப் பிடித்துக் கொண்டை, கண், அலகு, நகம் என்று பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். ராத்தா சிரித்துவிட்டார். ‘இதென்ன வேலம்மா, கோழி பார்க்கிறீங்களா, மாப்பிள்ள பார்க்கிறீங்களா?’ என்றார். அம்மா சிரிக்கவில்லை. ‘முனிக்குங்க. ஒரு பழுதும் இருக்கக் கூடாது’ என்றார். ராத்தாவுக்கு உங்கள் விடயம் தெரியும். பிறகு அவரே கூட்டுக்குள் குனிந்து, செம்பட்டை நிறத்தில் ஒன்றைப் பிடித்து வந்து அம்மாவின் கையில் வைத்தார். இரண்டரை மாதக் குஞ்சு. கொண்டை அப்போதுதான் முளைத்திருந்தது. அதன் இதயம் அடித்துக்கொள்வது வீடு வந்து சேரும்வரை என் மடியில் தெரிந்தது.

ஆடி முதல் வெள்ளி வரை அதைக் கூடைக்குள்ளேயே வைத்திருந்தோம். அன்று பின்னேரம் மலையிலிருந்து வந்ததும் அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டித் தலையில் குங்குமம் வைத்தார். கொஞ்சமாக இல்லை, கட்டைவிரலால் அழுத்தி, கொண்டையோடு சேர்த்து வைத்தார். ஃபெக்டரிப் பக்கம் திரும்பி நின்று, இயந்திரச் சக்கரத்தைக் காவல் காக்கும் ரோதைமுனியிடம் சத்தமாகவே சொன்னார்: ‘என் புள்ள முழுசா வீடு வந்து சேரணும். வந்த அன்னைக்கே இது உனக்கு.’ சொல்லிவிட்டு லயத்துக்குப் பின்னால் அவிழ்த்து விட்டார். நேர்ந்து விட்ட உயிரைக் கட்டக் கூடாது, மூடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் பக்கத்துக் காம்பரா சுந்தரம்மா சின்னம்மாவின் நாலு பேட்டுக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் அந்தப் பெரிய கறுப்புக் கோழியை நீங்கள்தானே ‘பெரிய கங்காணி’ என்று கூப்பிடுவீர்கள்? இன்னும் அதே நடைதான்.

‘புதுசு. பழகுற வரைக்கும் ஒரு கண்ணு வச்சுக்க’ என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா விறகுக்குப் போனார்.

நான் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கண் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு புத்தகத்தைத் திறந்தேன். கடலில் கவிழ்ந்த ஒரு கப்பலின் கதை. ஒருவன் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். அவன் கரையைக் காணும்வரை இருபத்திரண்டு பக்கம். கோழிகளின் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று எழுதினால் அது பொய். அடையப் போகும் நேரத்துச் சண்டை என்று நினைத்தேன். பக்கத்தை முடித்துவிட்டு நிமிரலாம் என்று நினைத்தேன்.

நிமிர்ந்தபோது நாலும் அதை விறகுக் கட்டைக்கும் சுவருக்கும் இடையில் நெருக்கியிருந்தன. பெரிய கங்காணி அதன் முதுகில் ஏறி நின்று தலையில் கொத்திக்கொண்டிருந்தது. கோபமாகக்கூட இல்லை, அண்ணா. அரிசி பொறுக்குவது போல நிதானமாகக் கொத்தியது. மற்ற மூன்றும் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. நான் கத்திக்கொண்டு ஓடி விரட்டித் தூக்கினேன். தலையில் தோல் இல்லை. எது குங்குமம், எது இரத்தம் என்று தெரியவில்லை. இடது கண் இருந்த இடம் மூடிக் கிடந்தது. எனக்கு ஐந்து வயதில், கொய்யாக்காய்க்கு நான் எறிந்த கல் உங்கள் நெற்றியைப் பிளந்ததே, அன்றும் இப்படித்தான் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். நீங்கள்தான் ‘அழாத, மரத்துலேருந்து விழுந்தேன்னு சொல்லிக்கலாம்’ என்றீர்கள். பிறகு அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

உங்கள் பழைய நீலச் சாரத்தில் சுற்றி அடுப்படியில் வைத்தேன். அம்மா வந்து பார்த்தார். விறகுக் கட்டு தோளில் இருக்கும்போதே கேட்டார்: ‘நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?’ புத்தகத்தை அவர் வருமுன்பே அரிசித் தகரத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டிருந்தேன்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுப்பவர் ‘யாருக்கு?’ என்றார். உண்மையைச் சொன்னேன். ‘மனுசனுக்கே இங்க மருந்தில்ல, நீ கோழிக்கு வந்துட்டியா? அடுத்தது மாட்டையும் கூட்டிட்டு வா’ என்று சத்தம் போட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் சின்னப் போத்தலில் ஊதா மருந்து கொஞ்சம் ஊற்றித் தந்தார். கோழி இறகை அதில் தோய்த்துக் காலையும் மாலையும் பூசினேன். சேவலின் தலை முழுவதும் ஊதா நிறமானது. என் விரல்களும்தான். முதல் மூன்று நாட்கள் அது சாப்பிடவில்லை. எழுதி முடிந்த பேனையின் குழாயைக் கழுவி, அதில் தண்ணீர் எடுத்து அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலாம் நாள் குழைத்த சோறு மூன்று பருக்கை. ஐந்தாம் நாள் எழுந்து நின்று நேராகப் போய்க் கதவுக் கட்டையில் மோதியது. இடது பக்கம் இனி அதற்கு இல்லை. அந்தப் பக்கம் சோற்றை வைத்தால், தரையைத் தட்டிச் சத்தம் காட்ட வேண்டும். அப்போதுதான் கழுத்தை முழுவதும் திருப்பி வலது கண்ணால் தேடும்.

இப்போது நான் எழுதப் பயப்படும் இடம் வருகிறது.

சேவல் கொத்துப்பட்டதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை நூலக அலுமாரியில் கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. இடைவேளையில் நின்றபடியே ஒரு பக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கையில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். ‘சிவப்பு நிறம் கண்ணில் பட்டால் கோழிகள் அதைக் கொத்தும். தலையில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி இருந்தாலும் மற்றவை அதையே திரும்பத் திரும்பக் கொத்தும். கொத்துவது நிற்காவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இருட்டில் கோழிகள் கொத்துவதில்லை.’

‘பார்த்தீங்களாம்மா?’ என்றேன். ‘நீங்க குங்குமம் வச்சதுதான் காரணம். என் மேல தப்பில்ல.’

அம்மா, ‘நான் வச்ச குங்குமமா?’ என்றார்.

‘ஆமாம்மா. புத்தகத்துலயே போட்டிருக்கு.’

ரொட்டி கருகும் வாசனை வந்தது. அம்மா அதைத் திருப்பவில்லை. என்னிடம், ‘அன்னைக்கு அழகமுத்து வந்து என்ன சொன்னான்? நீ மறக்க மாட்டியே, சொல்லு’ என்றார்.

நான் எதையும் மறக்க மாட்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மேல் லயத்து அழகமுத்து உங்களோடு அதே பஸ்ஸில் கொழும்புக்குப் போனவர். மறுநாள் தனியாகத் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று அழுதபடி சொன்னதை, பாடம் ஒப்புவிப்பது போல ஒப்புவித்தேன். ‘ஆமிக்காரங்க பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் இறக்கினாங்க, பெரியம்மா. ஒருத்தன் வரிசையா மூஞ்சியப் பார்த்துக்கிட்டே வந்தான். நம்ம இருளாண்டிகிட்ட வந்ததும் நின்னான். நெத்தியக் காட்டி, தமிழனான்னு சிங்களத்துல கேட்டான். அப்புறந்தான் கார்டைக் கேட்டான். நான் பஸ்ல ஏறினதுமே என் நெத்தியத் தொடைச்சிட்டேன், பெரியம்மா. என் கார்டை யாருமே’

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மாத்தளைத் தேர் முடிந்து நீங்கள் புறப்பட்ட காலையில், உங்கள் இருவரையும் வாசலில் நிற்க வைத்துத் தேர்க் குங்குமத்தை நெற்றியில் வைத்து அனுப்பியவர் அம்மா. கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். நான் பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அழவில்லை. எழுந்து போய்க் கிண்ணத்தில் இருந்த குங்குமத்தை அடுப்பில் கொட்டினார். மறுநாள் விடியற்காலை பொட்டில்லாமல் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனார். இன்றோடு நாலு கிழமை ஆகப் போகிறது.

பீலிக்கரையில் பெண்கள் பேசுவதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும். சுந்தரம்மா சின்னம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்: ‘ஏன் வேலம்மா, கணபதியண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, நீ ஏன் இந்தக் கோலத்துல நிக்கிற? வெள்ளச் சீலைதான் பாக்கி.’ அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு நாள் நான் பாடசாலைக்குப் புறப்படும்போது என் நெற்றிப் பொட்டையும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். வலித்தது. வகுப்பில் யார் செத்துப்போனது என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன்.

அதற்கடுத்த கிழமை அந்தப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டு வந்து அடுத்த பக்கத்தையும் படித்தேன். அதில் இப்படி இருக்கிறது: ‘புதிதாகக் கூட்டத்தில் விடப்படும் இளங்கோழி எந்த நிறமானாலும் மூத்த கோழிகள் அதைக் கொத்தவே செய்யும். ஒரு கிழமையாவது வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்.’ எந்த நிறமானாலும்! அண்ணா, ஒரு மணிச் சத்தத்துக்காக நான் படிக்காமல் விட்ட பக்கம் அது. மலைக்கே ஓடிப்போய், கொழுந்துக் கூடையோடு நின்ற அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். குங்குமம் இல்லாவிட்டாலும் கொத்தியிருக்கும் என்றேன். நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததையும் அப்போது சொல்லிவிட்டேன். அம்மா என் தலையைத் தடவினார். ‘எனக்காகச் சொல்ற. அன்னைக்கு வாசிச்சதுதான் நெசம்’ என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

அடையாள அட்டையில் இருளாண்டி என்று உங்கள் பெயர் இருக்கையில் நெற்றியில் எது இருந்தால் என்ன, சிங்களத்தில் எழுதினாலும் இருளாண்டி இருளாண்டிதானே என்றும் வாதாடிப் பார்த்தேன். ‘நெத்தியப் பார்த்துத்தானே கார்டக் கேட்டான்? அழகமுத்து கார்டக் கேட்டானா?’ என்றார் அம்மா.

போன வெள்ளிக்கிழமை, ஆடி கடைசி வெள்ளி, அப்பா சேவலைக் கொண்டுபோய் நாகமுத்துப் பூசாரியிடம் காட்டினார். பூசாரி அதன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘கண்ணு போனத முனி ஏத்துக்காது, கணபதி. வேற ஒண்ணு புடிச்சு நேர்ந்து விடு’ என்றாராம். வீட்டுக்கு வந்து அப்பா அதைச் சொன்னார். அம்மா, ‘வேணாங்க. நான் குறி வச்சதெல்லாம் போதும்’ என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது. ‘குங்குமம், குங்குமம்னு! நான் செத்தா போயிட்டேன்? எங்கப்பன் பேர அவனுக்கு வச்சவன் நானு. கார்டுல இருக்கறது அந்தப் பேருதான். அப்ப மொதல்ல என்னயக் கொண்டுபோய்த் தூக்குல போடு!’ என்று கத்தினார். லயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன.

அம்மா மெதுவாகத்தான் பேசினார். ‘பழுதான கோழிய சாமி வேணாங்குது. பழுதா வர்ற புள்ளைய யாருகிட்டக் கொடுத்து முழுசாக் கேக்குறது?’

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

‘அவ ஒண்ணும் சொல்லல’ என்றார் அம்மா. ‘போயிட்டு வந்ததுலேருந்து தேத்தண்ணியக் குடுத்தா நீங்க எடது கையால வாங்கிப் பாக்குறீங்க. ரெண்டு தடவ கொட்டிட்டீங்க. எனக்குக் கண்ணு இல்லையா?’

மேலே உள்ள வரிகளை முகாம் ஐயா கறுப்பு மையால் அழித்தால் அழிக்கட்டும். எழுதாமல் விட்டேன் என்று இருக்கக் கூடாது.

சேவல் இப்போது எங்கள் காம்பராவிலேயே கூடைக்குள் இருக்கிறது. நேர்ந்ததை மூடக் கூடாது என்றார்கள். ஆனால் முனி வேண்டாம் என்ற பிறகு அது நேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ‘சாமிக்கும் இல்ல, சட்டிக்கும் இல்ல. இப்புடி ஒரு பொறப்பு’ என்று சுந்தரம்மா சின்னம்மா சிரிக்கிறார். பெரிய கங்காணி அவருடையது என்பதால் எனக்கு அவருடன் பேச்சு இல்லை. சேவலுக்கு இன்னும் கூவ வரவில்லை. முயன்றால் கதவு திறக்கும் சத்தம்தான் வருகிறது.

திங்கட்கிழமை, விடியற்காலை

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்று பாடசாலைக்குப் போகும் வழியில் தபாலில் போட வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

அண்ணா, எனக்கு ஒரு உதவி வேண்டும். அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி: கண்டி பஸ் நிலையத்தில் இறங்கி முகம் கழுவினேன், குங்குமம் அப்போதே போய்விட்டது. இரண்டாவது வரி: அந்த ஆள் என் நெற்றியில் காட்டியது தழும்பை. மூன்றாவது வரி: அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சந்திராவிடம் கேளுங்கள்.

அது போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கொய்யாக்காய்க்குக் கல் எறிந்தது நான் என்பது அம்மாவுக்குத் தெரியும். தழும்பைப் பார்த்தால் சண்டையில் பட்ட காயம் என்று பிடிக்கிறார்கள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா என்னைத் திட்டினால் திட்டட்டும். அடித்தாலும் பரவாயில்லை. ‘என் மேல தப்பில்ல’ என்று அன்று நான் சொன்னேன் அல்லவா, அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் பழைய கடிதத்தை வாசிப்பது போல நானே இந்த வரிகளைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். அம்மா தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். முடியவில்லை. தாளில் எழுதியிருந்தால்தான் எனக்கு வாசிக்க வரும்.

நீங்கள் உண்மையாகவே முகம் கழுவினீர்களா என்று எனக்குத் தெரியாது. கழுவாவிட்டாலும் எழுதுங்கள். நடந்தது நடந்தபடியே என்று தொடக்கத்தில் சொன்னது எனக்குத்தான், உங்களுக்கு அல்ல. போன கடிதத்தில் எழுத்துகள் மற்றப் பக்கம் சாய்ந்து, வரிக்கு வரி கீழே இறங்கிக் கிடந்தன. எந்தக் கையால் எழுதினாலும், எவ்வளவு கோணலாக இருந்தாலும் நான் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவேன். எழுத்தின் கோணல் அம்மாவுக்குத் தெரியாது. மூன்றே வரிதான், அண்ணா. ஒரு நாளைக்கு ஒன்றாக எழுதினாலும் போதும்.

எப்படி வந்தாலும் வாருங்கள். சேவலுக்கு இடது பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்ட நான் பழகிவிட்டேன்.

முனி உங்கள் பக்கம் ஒரு கண் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
க. சந்திரகாந்தா

பிற்குறிப்பு: அம்மா பெரட்டுக்குப் புறப்படுகிறார். முன்பெல்லாம் கதவோரக் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். இப்போது கண்ணாடியைக் கடக்குமுன்பே அணைத்துவிடுகிறார். இதோ, அணைத்துவிட்டார்.